வார்டு மெம்பர் ரோட்டைக் கடக்கும்வரை

உங்கள் வாழ்க்கையின் மிக முக்கியமான நாள் ஒன்று வரப்போகிறது என்றால் அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொந்த ஊரில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். (எழுதப் போகிறேன் என்றதும் ஊரில் கேட்ட முதல் கேள்வி, "எங்க பேரெல்லாம் வருமா?" என் அத்தை பேர் மட்டும்தான் வரும் என்றதும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வண்டி பற்றிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தானே ஓடும் வண்டி என்றதும் பளபளவென்று ஒரு காரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ரயில் நிலையங்களில் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு பீப் பீப் என்று ஒரு பேட்டரி வண்டி போகுமே, அதுதான் எங்களுடையது. கூரையில் ஒரு டப்பா சுற்றிக்கொண்டே இருக்கும். நாலா பக்கமும் ஒளிக்கதிரை வீசி எங்கே என்ன நிற்கிறது என்று அளந்து சொல்வது அதன் வேலை. முன்பக்கம் இரண்டு கேமராக்கள், இருக்கைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர். ஓட்டுநர் இருக்கையில் பாதுகாப்புக்கு ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏதாவது விபரீதம் என்றால் அவர் பக்கத்திலுள்ள சிவப்புப் பொத்தானைக் குத்த வேண்டும்; வண்டி அப்படியே நின்றுவிடும். எங்கள் வண்டியில் அந்த வேலை ஜாபருக்கு. தேவிபட்டினத்துக்காரன், ஆய்வகத்தில் எனக்கு ஒரு வருடம் இளையவன், உலகத்தில் எதற்கும் அவசரப்படாதவன். சும்மா உட்கார்ந்திருக்க அவனைவிடப் பொருத்தமான ஆள் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மற்ற மாணவர்கள் எல்லாம் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே வண்டியை ஓட்டிக் காட்டிப் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். வழவழப்பான சாலை, பளிச்சென்ற வெள்ளைக் கோடு, வலது இடது பார்த்துக் கடக்கும் மாணவர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கூட்டத்தில் எழுந்து, "இந்த ரோட்டுல ஓட்டுறது ஒரு பெரிய விஷயமா சார்? நான் எங்க ஊர் ரோட்டுல ஓட்டிக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். பின்வாங்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. அதனால் அடைந்த நஷ்டங்களைத் தனியாக ஒரு புத்தகமாகப் போடலாம்.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் உப்பூருக்கும் நடுவில் இருக்கிறது. கண்மாய்க் கரையில் ஆரம்பித்துப் பள்ளிக்கூடம் வரை இரண்டு கிலோமீட்டர் ரோடு. அறுப்பு முடிந்தால் ரோட்டில் பாதி நெல் காயும். அதைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். மீதிப் பாதியில் ஆடுகள். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் ரோட்டுக்குள் கை நீட்டிக்கொண்டிருக்கும். எதிரில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தால் யார் பின்னால் போவது என்பது அவரவர் சுபாவத்தைப் பொறுத்தது. இத்தனையையும் மூன்று வருடம் பாடுபட்டு அந்த வண்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். நெல்லைக் கண்டால் ஒதுங்கும். ஆட்டைக் கண்டால் ஹாரன் அடித்து, ஆடு யோசித்து முடிக்கும்வரை நிற்கும்.

இதில் என் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. எங்கள் ஊரில் ஒருவர் ரோட்டோரத்தில் ரோட்டைப் பார்த்து நிற்கிறார் என்றால் கடக்கப்போகிறார் என்று அர்த்தம். எப்போது என்பது அவருக்கே தெரியாது. திரும்பிப் பார்க்க மாட்டார், கை காட்ட மாட்டார், பேச்சு வாக்கில் இறங்கிவிடுவார். ஆகவே வண்டிக்கு ஒரு விதி எழுதினேன்: ஓரத்தில் ரோட்டைப் பார்த்து ஓர் ஆள் நின்றால், அவர் கடக்கும்வரை அல்லது அங்கிருந்து போகும்வரை காத்திரு. வெளிநாட்டு வண்டி எதற்கும் இந்த அறிவு கிடையாது என்று என் நெறியாளர் பாராட்டினார். ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அந்த நெறியாளரே பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "வளர்மதி, மூணாம் வருஷ மதிப்பீட்டுக்கு வெளியிலேர்ந்து நிபுணர் ஒருத்தர் வர்றார். அவர் முன்னாடி வண்டி உங்க ஊர்ல ஓடணும். ஓடலைன்னா வண்டி வேற ப்ராஜெக்டுக்குப் போயிடும். நீ புதுத் தலைப்புல முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

முதலிலிருந்து என்றால் மூன்று வருடமும் குப்பைக்கு. ஓட்டியே தீருவது என்று முடிவு செய்தேன். அன்று மாலை ஊரிலிருக்கும் அய்யாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) போன் செய்து தேதியைச் சொன்னேன். சொன்னதற்குக் காரணம் இருந்தது. ரோடு வழக்கமாக எப்படிக் கிடக்குமோ அப்படியே கிடக்க வேண்டும். நெல் இருக்க வேண்டும், ஆடு இருக்க வேண்டும்.

"அய்யா, ரோட்டை எப்பவும்போல வச்சிருக்கச் சொல்லுங்க. அது போதும்."

"சரித்தா, சொல்லிர்றேன்" என்றார் அய்யா.

அவர் சொல்லத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன இடம் டீக்கடை. அங்கே வார்டு மெம்பர் இருந்தார். "பெரிய பெரிய ஆளுகல்லாம் வாராக, ரோடு எப்பவும்போல கெடந்தா நல்லாவாய்யா இருக்கும்?" என்று மெம்பர் கேட்டிருக்கிறார். அய்யாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது.

அந்த நாள் வந்தது. வண்டியும் ஜாபரும் முந்தின நாளே கண்மாய்க் கரைக்கு வந்துவிட்டார்கள். நான் விடிந்ததும் ராமநாதபுரம் ரயில் நிலையத்துக்குப் போய் நெறியாளரையும் நிபுணரையும் வாடகைக் காரில் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நிபுணர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சின்ன நோட்டு, அளந்து பேசும் வாய். வழி நெடுக நான்தான் பேசினேன். நெல் எப்படிக் கிடக்கும், ஆடு எப்படிப் பாயும், முள் எப்படி நீட்டிக்கொண்டிருக்கும் என்று ஒரு போர்க்களத்தை வர்ணித்துக்கொண்டு வந்தேன். "பாக்கலாங்க" என்றார் அவர்.

ஊர் எல்லையில் கார் திரும்பியது. ரோட்டில் ஒரு நெல்மணி இல்லை. ஓர் ஆடு இல்லை. நான்கு வருடமாக மனுக் கொடுத்தும் யாரும் தொடாத கருவேல மரங்கள் வேரோடு போயிருந்தன. ரோட்டின் இரண்டு ஓரமும் சுண்ணாம்புப் பொடியால் நேராகக் கோடு போட்டிருந்தார்கள். எந்த வளாகத்துச் சாலையை நான் கேலி செய்தேனோ அதைவிட அழகாக எங்கள் ஊர் ரோடு படுத்திருந்தது.

"நீங்க சொன்ன ரோடு இனி வருமுங்களா?" என்று நிபுணர் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பேனர் வந்துவிட்டது.

ரோட்டை ஒட்டி, ரோட்டைப் பார்த்தபடி, முப்பது அடி நீளத்துக்கு ஒரு பிளெக்ஸ் பேனர். அதில் ஆளுயரத்துக்குப் பதினான்கு பேர் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள். நடுவில் மெம்பர். அவருக்குப் பக்கத்தில் நான். சித்தப்பா மகள் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள், தோளில் யாருடைய கையோ மிச்சமிருந்தது. பின்னணியில் சிவப்பு நிறத்தில் ஒரு பந்தயக் கார். (பிளெக்ஸ் கடைக்காரர் பேட்டரி வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டா எடுப்பா இருக்காதுண்ணே" என்று சொல்லிவிட்டாராம்.) மேலே கொட்டை எழுத்தில்: 'டிரைவர் இல்லாத கார் கண்டுபிடித்த எங்கள் மண்ணின் மகள் டாக்டர் வளர்மதி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.'

நிபுணர் காரின் கண்ணாடியை இறக்கி நிதானமாக முழுவதும் படித்தார். "பட்டம் ஏற்கெனவே குடுத்தாச்சுங்களா? அப்ப நான் எதுக்குங்க வந்தேன்?"

நெறியாளர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கண்மாயைப் பார்த்தார்.

அது ஒன்று மட்டுமல்ல. போன தேர்தலில் மெம்பரிடம் தோற்றவர், மெம்பர் வைத்தால் நான் வைக்க மாட்டேனா என்று இரண்டு பேனர் வைத்திருந்தார். அதைக் கேள்விப்பட்டு மெம்பர் தரப்பு இன்னும் இரண்டு. என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவர்கள் ஒன்று. இரண்டு கிலோமீட்டருக்குள் மொத்தம் ஆறு. எனக்கு அழுகை வந்தது, பாசத்திலா பயத்திலா என்று தெரியவில்லை. இருந்தாலும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: நெல் இல்லாவிட்டால் போகிறது, வண்டி ஓடினால் போதும்.

நிபுணரும் நெறியாளரும் எங்கள் வண்டியின் பின் இருக்கையில் ஏறினார்கள். ஜாபர் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில் மடிக்கணினியோடு. ஊரே ஓரமாக, வீட்டு வாசல்களில் நின்று பார்த்தது. ஜாபர் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி இயக்கினான். வண்டி பீப் பீப் என்று கிளம்பி, ஐம்பது அடி போய், முதல் பேனருக்கு முன்னால் நாசூக்காக நின்றது.

நின்றது நின்றதுதான். நான் திரையைப் பார்த்தேன். பதினான்கு பச்சைக் கட்டங்கள். ஒவ்வொன்றின் மேலும் 'ஆள்' என்று எழுதியிருந்தது. கேமரா ஆள் என்றது; கூரையில் சுற்றும் டப்பா, ஆமாம், அங்கே ஏதோ நிற்கிறது என்று ஒத்துக்கொண்டது. பதினான்கு பேர் ரோட்டோரத்தில் ரோட்டைப் பார்த்து நிற்கிறார்கள். என் விதிப்படி அவர்கள் கடக்கும்வரை வண்டி காத்திருக்க வேண்டும். அது காத்திருந்தது. நான் பெற்ற பிள்ளை, நான் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டுக்கொண்டு நின்றது.

ஊர் கைதட்டியது.

"பாத்தியாலே, மெம்பரைக் கண்டதும் வண்டி மரியாதையா நின்னுருச்சு!"

மெம்பர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தோற்றவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து ஜாபரிடம் கேட்டார்: "தம்பி, எங்க பேனர்கிட்டயும் நிக்கும்ல?"

"நிக்கும்ணே, கவலைப்படாதீங்க" என்றான் ஜாபர் சோகமாக.

நான் இறங்கி மெம்பரிடம் போனேன். "மாமா, இந்தப் பேனரை ஒரு அரை மணி நேரம் மட்டும் அவுத்து வச்சிருவமா?"

"அவுக்குறதா? என்னத்தா பேசுற. உனக்காண்டி வச்சதை அவுத்தா பாக்குறவுக என்ன நெனப்பாக?"

"சரி, அவுக்க வேணாம். ஒரு வேட்டியைப் போட்டு மூடிக்கிருவோம்."

மெம்பரின் முகம் மாறியது. "உசுரோட இருக்க மனுசன் மூஞ்சில துணியப் போடச் சொல்ற?"

அய்யா நடுவில் வந்தார். பேனரைத் திருப்பி வைக்கலாம் என்றார். முதுகைக் காட்டுவது மரியாதையா என்று மெம்பர் கேட்டார். கடைசியில் மெம்பர் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார்: "மொதல்ல அவுக பேனரை அவுக்கச் சொல்லு, பெறகு நான் அவுக்குறேன்." தோற்றவரிடம் போனால் அவரும் அதையே சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. வண்டி மட்டும் பொறுமையாக, பதினான்கு பேரும் கடக்கட்டும் என்று நின்றது.

பின் இருக்கையில் நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம் அவருக்கு ரயில் இருந்தது. நெறியாளர், "வளர்மதி, இது நடக்குமா நடக்காதா?" என்று கேட்டார்.

"நடக்கும் சார். அஞ்சு நிமிஷம்."

இனி நான் செய்ததைச் சொல்லும்போது நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது சரிதான். வண்டி தான் பார்க்கும் ஒவ்வொன்றுக்கும், இது எவ்வளவு தூரம் ஆள் மாதிரி இருக்கிறது என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடும். நாற்பதுக்கு மேல் வாங்கினால் ஆள். அதற்குக் கீழே என்றால் வெறும் பொருள். பொருளுக்காக வண்டி காத்திருக்காது, ஒதுங்கித் தாண்டிப் போய்விடும். பேனரில் அதிகபட்சமாக மெம்பர் எண்பத்தெட்டு வாங்கியிருந்தார். நான் எண்பத்தாறு. (அந்த நிலைமையிலும் அது எனக்கு உறுத்தியது.) ஆகவே நாற்பது என்ற எல்லையைத் தூக்கித் தொண்ணூறில் வைத்துவிட்டால் பேனரில் ஒருவர்கூட ஆளாகத் தேறமாட்டார்கள்.

நான் தட்டச்சு செய்வதை ஜாபர் எட்டிப் பார்த்தான். "அக்கா, வேணாம்."

"ரெண்டு கிலோமீட்டர்தான் ஜாபர். சனமெல்லாம் ஓரமாத்தானே நிக்கிது. ரோடே காலியா கெடக்கு."

"அக்கா..."

"மூணு வருசம் ஜாபர்!"

அவன் கட்டிய கைகளைப் பிரித்து, ஒரு கையைச் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் மாற்றவில்லை.

வண்டி கிளம்பியது. முதல் பேனரைத் தாண்டியது. மெம்பருக்கு முகம் சுண்டியது. இரண்டாவது, மூன்றாவது எல்லாவற்றையும் அலட்சியமாகத் தாண்டியது. சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போனது. நிபுணர் நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் சனி வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னால் திரும்பி, "பாத்தீங்களா சார், ரோட்டுல எது ஆள், எது ஆள் இல்லைன்னு வண்டிக்கு நல்லாத் தெரியும்" என்று விளக்க ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு நூறு அடி முன்னால் பாக்கியம் அத்தை ரோட்டில் இறங்கினாள்.

அத்தை அய்யாவின் தங்கை. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் படிக்க அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் இழுத்தபோது, அத்தனை பேரையும் வாயடைத்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டவள். என் வண்டி ஊருக்குள் ஓடி வருகிறது, ஆரத்தி எடுக்காமல் விடுவாளா? தலையில் முக்காடு போட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர்த் தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்து, வெற்றிலை மேல் சூடம் கொளுத்திக்கொண்டு, நடு ரோட்டில் குனிந்து வந்தாள்.

திரையில் அத்தையைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது. அறுபத்தொன்று. 'பொருள்.'

வண்டி நிற்கவில்லை. கல்லையும் கட்டையையும் தாண்டுவது போல அவளை விட்டு வலப்பக்கம் ஒதுங்கியது. ஆரத்தியை நேர் எதிரில்தானே நின்று சுற்ற வேண்டும். அத்தையும் வலப்பக்கம் நகர்ந்தாள். வண்டி இடப்பக்கம் திரும்பியது. அத்தையும் திரும்பினாள்.

"அங்கிட்டு எங்கன போற? நில்லு, திட்டி சுத்தணும்ல!" என்று வண்டியை அதட்டினாள்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. வண்டியும் அத்தையும் விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். வண்டி வலம் போக, அத்தை வலம் வர, இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கூட்டத்தில் எனக்கும் ஜாபருக்கும் மட்டும்தான் தெரியும், அந்த வண்டியைப் பொறுத்தவரை அங்கே மனுஷி யாரும் இல்லை என்று. "அத்தே!" என்று கத்தினேன்.

ஜாபர் பொத்தானைக் குத்தினான். தன் வாழ்நாளில் அவன் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

வண்டி குலுங்கி நின்றது. அதன் மூக்குக்கும் அத்தையின் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. பயத்தில் அத்தை தட்டை வீசிவிட்டாள். செக்கச்செவேல் என்ற ஆரத்தித் தண்ணீர் இரண்டு கேமராக்களையும் நனைத்து, என்னைத் தாண்டி, பின் இருக்கையில் இருந்த நிபுணரின் வெள்ளைச் சட்டையில் போய் முடிந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஜாபர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான். நான் வண்டியிலிருந்து விழாத குறையாக இறங்கி அத்தையைக் கட்டிக்கொண்டேன்.

"என்னத்துக்கு இம்புட்டு அவசரம் இதுக்கு?" என்றாள் அத்தை மூச்சு வாங்க. "இன்னும் சுத்தி முடிக்கலைல."

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. நிபுணர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அவரே ஒரு வழி காட்டினார்: "வெயில் நேரா கேமராவுல அடிச்சிருக்குமுங்க. சில நேரம் அப்படி ஆகறதுதான்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று வருடம் தப்பிக்கும். மறு வாரம் இன்னொரு தேதி கிடைக்கும். அந்த வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அத்தையின் கை என் கைக்குள் இருந்தது. வாய் சும்மா கிடக்கவில்லை.

"வெயில் இல்ல சார். நான்தான். பேனரைத் தாண்டுறதுக்காக ஆளுக்கான எல்லையை நாப்பதுலேர்ந்து தொண்ணூறுக்கு ஏத்திட்டேன். ஜாபர் வேணாம்னான், நான்தான் கேக்கல."

நெறியாளர் கண்களை மூடிக்கொண்டார். ஊருக்கு முழுவதும் விளங்கவில்லை. எல்லை என்றால் என்ன, ஏற்றுவது என்றால் என்ன என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வண்டி மதிப்பெண் போடும் விவரத்தை அங்கேயே நின்று எல்லோருக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்ததும் அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பேனர்ல நிக்கிறாரே மெம்பரு, அவருக்கு எம்புட்டு மார்க்கு?"

"எண்பத்தெட்டு அத்தே."

"எனக்கு?"

"...அறுபத்தொண்ணு."

அத்தை கையை உருவிக்கொண்டாள். "ஏத்தா, தாளுல நிக்கிறவருக்கு எண்பத்தெட்டு, உசுரோட நிக்கிற எனக்கு அறுபத்தொண்ணா? என்ன படிப்புத்தா இது?"

நிபுணர் நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "இன்னைக்கு நீங்க பாஸ் இல்லீங்க."

"தெரியும் சார்." என் கன்னத்திலும் ஆரத்தித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அடிபட்ட மாதிரி இருந்திருப்பேன். அவமானத்தில் அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அதையும் மீறி அந்தப் பாழாய்ப்போன பிடிவாதம் உள்ளேயிருந்து எழும்பியது. "ஆறு மாசம் குடுங்க சார். வண்டியை எடுத்துடாதீங்க. இதே ரோட்டுல, இதே பேனரோட ஓட்டிக் காட்டுறேன். ஒருத்தர் மேலயும் துணி போட மாட்டேன்."

நிபுணர் நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் தன் ஈரச் செருப்பைப் பார்த்தார். "ஆறு மாசம். அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது" என்றார்.

அந்த ஆறு மாதமும் நான் செய்த வேலை பேனர் பார்ப்பது. ராமநாதபுரம் பஸ் நிலையத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ரோட்டோரத்தில் நின்ற ஒரு பேனரையும் விடவில்லை. பூப்புனித நீராட்டு, காதணி, கல்யாணம், தலைவர்கள் வருகை, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றையும் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தேன். கண்ணீர் அஞ்சலி பேனரை நான் ஆறு கோணத்தில் எடுப்பதைப் பார்த்து, "நம்ம மாமாவுக்கு நீ என்ன வேணும்மா?" என்று ஒரு குடும்பமே வந்து என்னிடம் துக்கம் விசாரித்தது. (காபி கொடுத்தார்கள். குடித்தேன்.) அதைவிட முக்கியமாக, உயிருள்ளவர்களையும் படம் எடுத்தேன். முக்காடு போட்டவர்கள், தலையில் புல்லுக்கட்டு சுமப்பவர்கள், வலைக்கூடையால் முகம் மறைந்தவர்கள், நடவுக்காகக் குனிந்தவர்கள். அதுவரை என் வண்டி பார்த்துப் பழகியவர்கள் எல்லாரும் வளாகத்தில் நிமிர்ந்து நடந்த மாணவர்கள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேனரில் நிற்பவர்களும் அவர்களைப் போலவே நிமிர்ந்து, நேராகப் பார்த்து, வெளிச்சத்தில் நின்றார்கள். எங்கள் ஊரில் வேலை பார்க்கிற ஒருவர்கூட அப்படி நிற்பதில்லை.

ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது மறுபடியும் எல்லோரும் கூடினோம். இந்த முறை ஊருக்கு நானே சொன்னேன், பேனர் வையுங்கள் என்று. ஒன்பது வைத்தார்கள். நிபுணர் இந்த முறை கறுப்புச் சட்டை போட்டு வந்திருந்தார். வண்டி ஒன்பது பேனரையும் தாண்டியது. எல்லை நாற்பதிலேயே இருந்தது. கடைசி நூறு அடியில் ரோட்டை மறித்து யாராவது ஒருவர் நடக்க வேண்டும். ஜாபர் தான் நடப்பதாகச் சொன்னான். நான் நடக்கிறேன் என்று அய்யா சொன்னார். அத்தை இரண்டு பேரையும் தள்ளிவிட்டுத் தட்டோடு இறங்கினாள். அதே முக்காடு, அதே குனிவு. நான் வேண்டாம் என்று கெஞ்சினேன். அவள் ரோட்டின் நடுவில் நின்று, ஊருக்கே கேட்கும்படி சத்தமாகக் கேட்டாள்:

"ஏத்தா, இன்னைக்கி நான் ஆளா, பேனரா?"

வண்டி அவளுக்குப் பதினைந்து அடி முன்னாலேயே நின்றது. அவள் அவசரமே இல்லாமல் மூன்று சுற்றுச் சுற்றி, கண்ணேறு கழித்து, வண்டியின் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அதுவரை அது அசையவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன், அதை நிபுணர் மரியாதையாகப் பார்க்காமல் இருந்தார்.

பட்டம் கிடைத்து மூன்று வருடமாகிறது. "நாங்க அப்பவே டாக்டர்னு போட்டோம்ல, தேதிதான் கொஞ்சம் முந்திருச்சு" என்று மெம்பர் இன்றும் சொல்லிக்கொள்கிறார். ஆனால் ஊரில் நிலைத்துப்போனது அத்தையின் கேள்விதான். சந்தையில் பஸ் ஏறும்போது கண்டக்டரிடம் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் இலைக்குப் பாயசம் வராவிட்டால், "ஏப்பா, நாங்க ஆளா, பேனரா?" என்று குரல் கொடுக்கிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் அய்யாவே அதைச் சொல்லிச் சிரித்தார். (வந்தவரும் சிரித்தார். அதனால்தான் சம்மதித்தேன்.)

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு கார் இருக்கிறது. நானே ஓட்டுகிற சாதாரணக் கார். ஊருக்குள் நுழையும்போது எதிரில் அத்தை வந்தால் நடு ரோட்டில் நின்றுவிடுவாள். நான் கண்ணாடியை இறக்கி, "ஆளுதான் அத்தே, தாண்டு" என்பேன். அவள் நகர மாட்டாள். என்ஜினை அணைத்து, சாவியை உருவி வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். சாவியை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ரோட்டைக் கடப்பாள்.